ஆண்டெனாவில் குறையில்லை, அண்ணாச்சி

"வீட்டுக்குள்ளேயே வைக்கிற டிஜிட்டல் ஆண்டெனா வாங்கலாமா?" என்று இந்த மாதம் மட்டும் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். மூவரும் எழுபதைத் தாண்டியவர்கள், மூவரும் பென்ஷன்காரர்கள். கேபிளுக்கு மாதாமாதம் அழுது அலுத்தவர்கள். பேரப்பிள்ளைகள் போனில் காட்டிய விளம்பரத்தைப் பார்த்திருக்கிறார்கள். கறுப்பாக, தட்டையாக, பள்ளிக்கூட அட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் தகடு. 'மாதக் கட்டணம் இல்லை, 4கே தெளிவு, 200 மைல் தூரம் இழுக்கும்' என்று போட்டிருக்கிறது. மூவரில் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், என்னிடம் கேட்பதற்கு முன்பே வாங்கியும் விட்டார்.

"சார், சன்னல்ல வச்சேன், பீரோ மேல வச்சேன், பரண்ல கூட ஏத்திப் பாத்துட்டேன். பொட்டி தேடு தேடுன்னு தேடிட்டு கடைசில 'சேனல் இல்லை'ங்குது. கோளாறு ஆண்டெனாவுலயா, பொட்டியிலயா?"

"ரெண்டுலயும் இல்ல அண்ணாச்சி. புடிக்கிறதுக்குக் காத்துல ஒண்ணும் இல்ல."

இந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சிப்பி இல்லாத பாரில் எவ்வளவு கெட்டிக்காரரை இறக்கினாலும் வெறும் பையோடுதான் மேலே வருவார். அதனால்தான் அந்தக் காலத்தில் முதலில் பாரைப் பார்த்துவரச் சொல்வார்கள், சிப்பி முற்றியிருந்தால்தான் முத்துக்குளிப்பை அறிவிப்பார்கள். 1961-க்குப் பிறகு இங்கே அறிவிக்கவே இல்லை. டெலிவிஷன் விஷயத்திலும் நம் பார் காலியாகக் கிடக்கிறது. காலியாக விட்டது சரியில்லை என்பது என் கருத்து. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில், அந்தத் தகடு யாருக்குப் பயன்படும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் நாட்டில் 16 நகரங்களில் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருந்தது சென்னை ஒன்றுதான். உங்கள் மகனோ மகளோ சென்னையில் இருந்து, நீங்கள் ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று இருப்பவரானால், தகட்டை அங்கே கொண்டுபோய் முயன்று பாருங்கள். டிவிக்குள் 'டிவிபி-டி2' என்ற வகை ட்யூனர் இருக்க வேண்டும், பெட்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருக்கும். இல்லாவிட்டால் எந்த ஆண்டெனாவும் உதவாது.

வைக்கிற இடம்தான் பாதி வேலை. கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த சன்னல், அதுவும் முடிந்த அளவு உயரத்தில். கான்கிரீட் சுவர் அலையைக் குடிக்கும், இரும்புக் கிரில் திருப்பி அடிக்கும், பீரோ இரும்பானால் அதன் பக்கமே போகாதீர்கள். வைஃபை பெட்டி, மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் இவற்றிலிருந்து சற்றுத் தள்ளி இருக்கட்டும். இடத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் டிவியில் சேனல் தேடுதலை மறுபடி ஓட்ட வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். கூடவே விற்கிற பூஸ்டரை உடனே வாங்க வேண்டாம். பூஸ்டர் வருவதைப் பெருக்கும், வராததை உண்டாக்காது. சத்தத்தையும் சேர்த்துப் பெருக்குவதால் சில சமயம் அதுவே கெடுத்தும் விடும். நீளமான கேபிள் ஓடும் வீட்டுக்குத்தான் அது.

இன்னொன்று. பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி கொட்டும், ஆள் இரண்டாகத் தெரிவார், ஆனாலும் ஏதோ ஒன்று தெரியும். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. ஒரு அளவுக்கு மேல் இருந்தால் கண்ணாடி மாதிரித் தெரியும், அதற்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுபோகும். ஆகவே ஒரு சாண் நகர்த்தியதில் எல்லாம் வந்துவிடுவதும் உண்டு, எல்லாம் போய்விடுவதும் உண்டு. பொறுமை வேண்டும்.

பொறுமை பற்றி நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியபோது நமக்கு என்ன கிடைத்தது? பேப்பரில் நிகழ்ச்சி நிரல் மட்டும் கிடைத்தது. 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த நம்மை அது எட்டவே இல்லை. நமக்கு முதலில் டிவி காட்டியது கொழும்புதான். ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15-ல் தொடங்கியது. ஜப்பான் உதவியோடு கட்டிய நிலையம், பிதுருதலகல மலை உச்சியில் அதன் ஒளிபரப்புக் கருவி. அந்த மலை 2,524 மீட்டர் உயரம், நம் ஊரிலிருந்து பறவை பறக்கும் வழியில் ஏறக்குறைய 350 கிலோமீட்டர்.

அப்போது நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் கிளார்க். காரைக்காலில் பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் என்பதால், அலுவலகத்தில் என்னை ஏதோ விஞ்ஞானி போல நினைத்துக்கொண்டு ஆண்டெனா கட்டும் இடத்துக்கெல்லாம் கூட்டிப்போவார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கணக்கு. ஒலி, ஒளி பாடத்தில் எங்கள் முசியே கரும்பலகையில் 'லோங்கர் தோந்த்' என்று எழுதி, அலையின் நீளம் என்றால் என்ன என்று கயிற்றை ஆட்டிக் காட்டினார். முந்நூறை மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலை எத்தனை மீட்டர் என்று வரும், அதில் பாதிதான் ஆண்டெனாக் கம்பியின் நீளம். 60 மெகாஹெர்ட்ஸானால் கம்பி இரண்டரை மீட்டர், 200 ஆனால் முக்கால் மீட்டர், இன்றைய டிஜிட்டல் ஓடும் 500-க்குப் பக்கமானால் ஒரு அடிதான். தகடு இன்று இத்தனை சிறியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான், வேறு மந்திரம் எதுவும் இல்லை.

அந்த நாட்களில் மாடிக்கு மாடி நாற்பதடி இரும்புக் குழாய் நின்றது. நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மீன் முள் மாதிரி ஆண்டெனா, அதன் கழுத்தில் பூஸ்டர் டப்பா. அங்கிருந்து பட்டை வயர் காற்றில் அடித்துக்கொண்டே இறங்கும். ஒரு பையன் மேலே குழாயைத் திருப்புவான், நடுப்படியில் ஒருவர் நிற்பார், கீழே பெட்டி முன்னால் தெருவே உட்கார்ந்திருக்கும். "வந்துட்டு! வந்துட்டு! ஏலே போச்சு, கொஞ்சம் திரும்பித் திருப்பு!" என்ற குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. உப்புக்காற்று ஒரே வருஷத்தில் அலுமினியக் கம்பியைப் பொரித்துவிடும், செம்பு இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். மழைக்காலத்துக்கு முன் கீழே இறக்கித் தேய்த்து, கிரீஸ் தடவி, மறுபடி ஏற்றுவோம். படகுக்குச் செய்கிற மராமத்தை ஆண்டெனாவுக்கும் செய்த ஊர் இது.

இத்தனை செய்தும் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் புள்ளிதான் கொட்டும். காற்று ஓய்ந்து கடல் எண்ணெய் ஊற்றினாற்போல் கிடக்கும் இரவுகளில் படம் பளிச்சென்று வரும். பூமியின் வளைவுக் கணக்குப்படி அந்த மலையிலிருந்து நேராக வரும் அலை 200 கிலோமீட்டர் சொச்சத்தில் தரையைவிட்டு விலகிவிட வேண்டும். ஆனால் கடல் மேல் குளிர்ந்த ஈரக்காற்றும் அதற்கு மேல் வறண்ட சூடான காற்றும் அடுக்காக நின்றால், அந்த அடுக்கு ஒரு குழாய் போல அலையை வளைத்துக் கொண்டுவந்து கரையில் சேர்க்கும். விஞ்ஞானத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. நம் கரையில் "இன்னைக்குக் கடல் நல்லாருக்கு, படம் வரும்" என்றார்கள். அது போதுமானதாக இருந்தது.

பிறகு நம் அரசாங்கமும் விழித்துக்கொண்டது. 1984-ல் நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று வந்தன. கொடைக்கானலில் பெரிய நிலையம் வந்தது. ஏழாயிரம் அடி உயரத்திலிருந்து 180 கிலோமீட்டர் தள்ளியுள்ள நம்மை அது எட்டிப் பார்த்தது. தென்மாவட்டங்கள் முழுவதும் ஆண்டெனாக்கள் கிழக்கே இலங்கையைப் பார்த்தது போக, வடக்கே கோடையைப் பார்க்கத் திரும்பின. 1995-ல் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் கோபுரம் எழுந்தது. நாட்டிலேயே உயரமான டிவி கோபுரம் என்று பெருமையாகப் பேசினோம்.

இந்த 323 என்ற எண் எனக்கு ஏன் மறக்காமல் நிற்கிறது என்றால், பாரிஸ் ஈபெல் கோபுரம் இன்று 330 மீட்டர். 2022 மார்ச்சில் உச்சியில் புது ஆண்டெனா வைத்தபிறகு அந்த உயரம். இரண்டுக்கும் இடையில் ஏழே மீட்டர். ஈபெல் கோபுரத்தின் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. 1889-ல் கண்காட்சிக்காகக் கட்டினார்கள், இருபது வருஷத்துக்குத்தான் அனுமதி. அதன்பிறகு பிரித்துப்போட்டிருப்பார்கள். அதைக் காப்பாற்றியது ஆண்டெனா. கம்பியில்லாத் தந்திக்கு இவ்வளவு உயரமான கம்பம் வேறு கிடையாது, ராணுவத்துக்கு வேண்டும் என்று ஆனதும் நிறுத்திக்கொண்டார்கள். இன்று பாரிஸ் வட்டாரத்துக்கான இலவச டிஜிட்டல் டிவி அதிலிருந்துதான் போகிறது.

பாண்டிச்சேரி, காரைக்கால் குடும்பங்களில் யாராவது ஒருவர் பிரான்சில் இருப்பார்கள். என் ஒன்றுவிட்ட தம்பி பாரிஸ் புறநகரில் ஒரு சின்ன அடுக்கு வீட்டில் இருக்கிறான். டிவிக்குப் பின்னால் கைக்குட்டை அளவுக்கு ஆண்டெனா, அவ்வளவுதான். இருபதுக்கு மேற்பட்ட சேனல்கள், காசு கிடையாது. அங்கே இதை 'தே-என்-தே' என்பார்கள், தரைவழி டிஜிட்டல் டிவி என்பதன் சுருக்கம். 2005-ல் தொடங்கினார்கள், ஆறு வருஷம் பழையதையும் புதியதையும் சேர்த்து ஓட்டினார்கள், வட்டாரம் வட்டாரமாக மாற்றி, 2011 நவம்பர் கடைசியில் அனலாக்கை முழுவதும் நிறுத்தினார்கள். மாடி ஆண்டெனாவுக்கு அங்கே 'ராத்தோ' என்று செல்லப்பெயர், குப்பை வாரும் வாருகோல் என்று அர்த்தம். காற்றிலிருந்து வாரி எடுப்பதால் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அவ்வளவு தூரம் போகவேண்டாம் என்றால் சிங்கப்பூரைப் பாருங்கள். 2019 தொடக்கத்தில் அனலாக்கை நிறுத்தினார்கள். வசதி குறைந்த குடும்பங்களுக்கு டிஜிட்டல் பெட்டியும் வீட்டுக்குள் வைக்கும் ஆண்டெனாவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அங்கே வசந்தம் தமிழ்ச் சேனல் இன்று அந்தச் சின்ன ஆண்டெனாவில் வருகிறது. சிங்கப்பூரில் பேரனைப் பார்த்துக்கொள்ளப் போய்வந்த நம் ஊர் அம்மாக்கள் "அங்கே ஒரு கம்பியை ஒட்டவச்சா தமிழ்ல சீரியல் வருது, இங்க ஏன் வரல?" என்று கேட்பது இதனால்தான். நியாயமான கேள்வி.

நம் நாட்டில் நடந்தது வேறு. பிரசார் பாரதி அனலாக் நிலையங்களைப் படிப்படியாக மூடி, 2022 மார்ச்சுக்குள் முக்கியமான இடங்கள் என்று ஐம்பது போல வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தியது. அவர்கள் சொன்ன காரணங்களில் எனக்குப் பெரிதாகச் சண்டை இல்லை. பழைய தொழில்நுட்பம், உதிரிபாகம் கிடைப்பதில்லை, மின்சாரம் தின்கிறது, ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் போல மிச்சம், அலைவரிசை வேறு வேலைக்கு ஆகும். நாற்பது வருஷம் கோப்பு தள்ளியவனுக்கு இந்த வரவு செலவு புரியாமல் இல்லை. மூடியது சரி. ஆனால் மூடிய இடத்தில் புதியதை வைத்துவிட்டல்லவா மூட வேண்டும்? பிரான்சிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தானே செய்தார்கள்? இங்கே சென்னைக்காரருக்கு வந்தது, நமக்கு வரவில்லை. என் வீட்டுப் பெட்டியில் இன்று வான்வழியாக ஒரு சேனல்கூடக் கிடையாது. ரூபவாஹினியைப் புள்ளியோடு பார்த்த 1982-ஐவிட அந்த வகையில் நாம் பின்னால் இருக்கிறோம்.

'அதுதான் ஃப்ரீ டிஷ் இருக்கிறதே' என்பார்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான். 2004 டிசம்பரில் தொடங்கினார்கள், மாதக் கட்டணம் கிடையாது, ஒரு தட்டும் பெட்டியும் ஒருமுறைச் செலவு. என்னிடம் கேட்ட மூவருக்கும் நான் இன்றைக்குச் சொல்லும் யோசனையும் அதுதான். தட்டைத் தென்கிழக்கே கடல் பக்கமாக நிமிர்த்தி வைத்தால் ஜிசாட்-15 கிடைக்கும். தமிழ்ச் சேனல்கள் குறைவு என்ற குறை உண்டு. அதைவிடப் பெரிய குறை, மழை. அந்தச் செயற்கைக்கோள் அனுப்பும் கு-பேண்ட் அலை மிகக் குட்டையானது, இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம்தான். அடைமழை அதைக் குடித்துவிடும். சாரலுக்குத் தாங்கும், கொட்டும்போது 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரை. தரைவழி அலை அரை மீட்டருக்கு மேல் நீளமானது, மழையை அது மதிப்பதே இல்லை.

மழையில் டிவி பார்ப்பதுதான் முக்கியமா என்று சிரிக்காதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ஐ நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு எண்ணூறு பயணிகள் நின்றார்கள். நம் ஊரில் வெளியே தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது, எந்தக் குளம் உடைந்தது, எந்தச் சாலை துண்டானது, ஒன்றும் தெரியாமல் மாடியில் உட்கார்ந்திருந்தோம். செல்போன் கோபுரங்கள் ஓய்ந்துவிட்டன. கேபிள் போனது போனதுதான், எங்கள் தெருவில் கரண்ட் வந்த பிறகும் கேபிள் வர மேலும் ஒரு வாரம் ஆயிற்று. கட்டணம் மட்டும் அந்த மாதத்துக்கும் முழுசாக வாங்கிப்போனார்கள்.

டிவிக்கும் கரண்ட் வேண்டுமே என்று கேட்பீர்கள். உண்மைதான், முதல் இரண்டு நாளுக்கு பாட்டரி ரேடியோவுக்கு இணை எதுவும் இல்லை. அதை வீட்டில் வையுங்கள், செல் மாற்றி வையுங்கள். ஆனால் ரேடியோவில் வரைபடம் காட்ட முடியாது. புயல் சின்னம் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கடலுக்குப் போகிறவனுக்கும், காது மந்தமாகிப்போன என் வயதுக்காரருக்கும் கண்ணால் பார்த்தால்தான் புரியும். கம்பியும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம், ஒரு கோபுரமும் ஒரு ஜெனரேட்டரும் தாக்குப்பிடித்தால் மாவட்டத்துக்கே படம் போகும். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் ஒரு வீட்டில் தெருவே உட்கார்ந்து பார்க்கலாம். நமக்கு அது புதிதா என்ன?

இப்போது 'போனுக்கே நேராக டிவி' என்று ஒன்று பேசுகிறார்கள். ஐஐடி கான்பூரும் பிரசார் பாரதியும் சேர்ந்து பரிசோதித்த முறை, பெங்களூரிலும் டெல்லிப் பக்கமும் முன்னோட்டம் பார்த்தார்கள். கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்பை இன்டர்நெட் இல்லாமல் போனே பிடித்துக்கொள்ளும். அதற்கென்று தனிச் சில்லு உள்ள போன் வேண்டும். 2024 ஜனவரியில் 19 நகரங்களில் சோதனை என்றார்கள். வரட்டும், வரவேற்கிறேன். ஆனால் எனக்குப் பழைய பயம் ஒன்று. எந்தத் திட்டமும் 'முதற்கட்டம்: பெருநகரங்கள்' என்றுதான் கோப்பில் தொடங்கும். இரண்டாம் கட்டம் என்ற தாளை நான் பார்த்த கோப்புகளில் பாதியில் காணவே காணோம். புயலும் வெள்ளமும் முதற்கட்டத்தைப் பெருநகரங்களில் வைத்துக்கொள்வதில்லையே. சோதனை செய்ய வேண்டிய இடமே கடற்கரைதான்: திரேஸ்புரம், வேம்பார், மணப்பாடு, உவரி.

இலங்கையை மறுபடி பிடிக்கலாமா என்று ஒரு நண்பர் ஆசையாகக் கேட்டார். அவர்கள் டிஜிட்டலுக்கு ஜப்பானிய முறையைத் தேர்ந்திருக்கிறார்கள். நம் கடைகளில் விற்கும் டிவிக்கு அந்தப் பாஷை தெரியாது. கடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இனி நடக்காது.

ஆகவே ஒரு மனு எழுதியிருக்கிறேன். தூத்துக்குடியில் வானொலி நிலையம் இருக்கிறது, கம்பம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அதை ஒட்டி ஒரு தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக் கருவியும், வெள்ளம் எட்டாத உயரத்தில் ஜெனரேட்டரும் வைக்க வேண்டும், போன் டிவி சோதனையில் இந்தக் கரையையும் சேர்க்க வேண்டும் என்று இரண்டே பக்கம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. பிரசார் பாரதிக்கும் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் நம் எம்.பி.க்கும் தனித்தனி நகல், தபாலில். 41 கையெழுத்து ஆகியிருக்கிறது, நூறு ஆனதும் அனுப்பிவிடுவேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ரோச் பூங்காவில் வழக்கமான பெஞ்சில்தான் இருப்பேன். வருகிறவர்கள் மூக்குக்கண்ணாடியை மறக்காமல் கொண்டுவாருங்கள், பெயர் எழுதும் கட்டம் சிறியது.